அக்காவிடம் கேளுங்கள்: பெல்லி டான்ஸ் வகுப்புக்குப் போகலாமா?

கேள்வி: அக்கா, கணவரின் வேலைக்காக இங்கிலாந்தில் லட்லோ என்ற சின்ன சந்தை ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு 38 வயது. பள்ளி நாட்களில் ஆறு வருடம் பரதம் கற்றேன். நூலக அறிவிப்புப் பலகையில் 'பெல்லி டான்ஸ், புதியவர்கள் வரலாம், புதன் மாலை 7 மணி' என்று ஒரு தாள் பார்த்ததிலிருந்து ஆசை. ஆனால் போனில் சொன்னதும் மாமியார், "அந்த கேபரே ஆட்டமா?" என்று கேட்டுவிட்டார். அரைகுறையாக உடுத்த வேண்டியிருக்குமா? நம்மவர்கள் யாராவது பார்த்தால்?
- வாசகி, லட்லோ

பதில்: போங்கள். வருகிற புதன்கிழமையே போங்கள்.

நான் ஒன்பது வருடம் உங்களுக்குப் பக்கத்திலேயே, லெட்பரியில் இருந்தவள். மரத்தூண்கள் மேல் நிற்கும் கருப்பு வெள்ளைச் சந்தை மண்டபத்தைத் தாண்டித்தான் வாராவாரம் வகுப்புக்கு நடப்பேன். வகுப்பு நடந்தது ஒரு தேவாலயத்தின் பின்பக்க ஹாலில். ஒரு மணி நேரத்துக்கு 8 பவுண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியை, இரவு வேலைக்குக் கிளம்பும் நர்ஸ், பேக்கரியில் வேலை பார்க்கும் பெண், 71 வயதில் ஒரு பண்ணைக்காரம்மா என்று பதினோரு பேர். எல்லோரும் லெக்கிங்ஸும் தொளதொள டிஷர்ட்டும்தான். ஜனவரியில் அந்தக் குளிரில் கார்டிகனைக் கழற்றவே கால் மணி நேரம் ஆகும். அதற்கு மேல் இடுப்பில் கட்டிக்கொள்வது காசு கோத்த ஒரு துணி, அவ்வளவுதான். அதையும் முதல் நாளே வாங்காதீர்கள். என் ஆசிரியை ஒரு பை நிறைய வைத்திருப்பார், இல்லாதவர்களுக்குக் கொடுப்பார். உங்கள் வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். நம் சினிமா அவருக்குக் காட்டியது அதைத்தான். ஆனால் இந்த ஆட்டத்துக்கு 'வயிற்று நடனம்' என்று பெயர் வைத்தவர்கள் ஐரோப்பியர்கள். எகிப்தில் மேடை வடிவத்தை ரக்ஸ் ஷர்க்கி, அதாவது கிழக்கத்திய நடனம் என்கிறார்கள். கல்யாணத்திலும் வீட்டிலும் பெண்கள் ஆடுவது ரக்ஸ் பலதி. பலதி என்றால் 'என் ஊர்' என்று பொருள். அந்தச் சொல்லைக் கேட்ட அன்றே எனக்கு அந்த ஆட்டத்தின் மேல் பிரியம் வந்துவிட்டது. 1926இல் பதியா மசாப்னி என்ற நடனக்காரி கெய்ரோவில் இரவு விடுதி திறந்த பிறகுதான் இன்று நாம் அறிந்த மேடை அலங்காரம் பெருகியது. அதற்கு முன்பே, 1834இல், பொது இடத்தில் ஆடிய பெண்களைக் கெய்ரோவை விட்டுத் தெற்கே அனுப்பினார் அப்போது எகிப்தை ஆண்ட முகமது அலி. சதிர் ஆடிய நம் பெண்களை ஊர் என்னவெல்லாம் பேசியது என்று நமக்குத் தெரியும். அதே சதிர்தான் 1930களில் பரதநாட்டியம் என்று பெயர் மாறியது, நீங்களும் ஆறு வருடம் கற்றீர்கள். இதை மாமியாரிடம் நிதானமாகச் சொல்லுங்கள். சண்டையாக வேண்டாம்.

அப்புறம், பரதம் கற்ற கால் முதலில் கொஞ்சம் தொந்தரவு கொடுக்கும். முதல் நாள் நான் பழக்கத்தில் தட்டிய தட்டில் ஹாலின் மரத்தரை அதிர்ந்தது. ஆசிரியை பக்கத்தில் வந்து, "பாதம் பேச வேண்டாம், முழங்காலைத் தளர்த்துங்கள்" என்றார். பரதத்தில் முழங்காலை அகல விரித்துப் பாதி உட்காரும் அரைமண்டி இங்கே இல்லை. பாதங்கள் இணையாக, முழங்கால் லேசாக மடங்கி இருக்க வேண்டும். நெஞ்சு அசையாமல் இடுப்பு மட்டும் அசைய வேண்டும். எனக்கு அது பிடிபட மூன்று வாரம் ஆனது. ஒரு இடுப்பைத் தூக்கி இறக்கும் அசைவு ஒன்று உண்டு. குடத்தை இடுப்பில் ஏற்றும்போது ஒருபக்கம் உயர்த்துவோமே, அதுதான் மேலே. குடத்தை இறக்கி வைத்த நொடி இருக்கிறதே, அதுதான் கீழே. இப்படி நினைத்த பிறகு எனக்குத் தவறவே இல்லை.

தாளம் உங்களுக்கு வரம். மத்தளத்தில் கனமாக விழும் அடி தும், கூர்மையாக விழும் அடி தெக். 'தும் தெக், தெக் தும், தெக்' என்று போவது மக்சூம் என்ற தாளம். முதலிலேயே இரண்டு தும் விழுந்தால் அது பலதி தாளம். சொல்கட்டு சொல்லிப் பழகிய வாய்க்கு இது ஒரே மாலையில் வந்துவிடும்.

கேள்வி: குழந்தை பிறந்து நான்கு மாதம். இடுப்பு வலி இருக்கிறது. சேரலாமா?
- வாசகி, நார்ஃபோக்

பதில்: பிரசவத்துக்குப் பிறகு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஜிபி, அதாவது உங்கள் குடும்ப மருத்துவர், பார்க்கும் பரிசோதனை முடிந்திருக்கும். இருந்தாலும் இந்த வலியை மறுபடி போய்ச் சொல்லுங்கள். இருமும்போதோ தும்மும்போதோ சிறுநீர் கசிந்தால் கூச்சப்படாமல் அதையும் சொல்லுங்கள், அதற்கென்றே பிசியோதெரபி இருக்கிறது. அவர்கள் சரி என்ற பிறகு சேருங்கள். முதல் நாளே ஆசிரியையிடமும் சொல்லிவிடுங்கள். வலித்தால் நிறுத்துங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் ஆசிரியை ஆங்கிலேயர். அரபுப் பெண்களின் ஆட்டத்தை அவரிடம் கற்பது முறையா?
- வாசகி, யார்க்ஷயர்

பதில்: நல்ல கேள்வி. இது எந்த ஊர்ப் பாட்டு, இந்த அசைவின் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பெயரோடு, ஊரோடு சொல்லித் தருபவரிடம் தயங்காமல் கற்கலாம். 'ஏதோ கிழக்கத்தியது' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் வேறு வகுப்பு தேடுங்கள், பக்கத்து ஊருக்கு பஸ் பிடிக்க வேண்டியிருந்தாலும் சரி. என் ஆசிரியையும் ஆங்கிலேயர்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதன் கதையைச் சொல்லாமல் ஆடவிட மாட்டார்.

ஒருநாள் அவர் ஸகாரீத் சொல்லிக்கொடுத்தார். அரபுக் கல்யாணங்களில் பெண்கள் நாக்கை வேகமாக அசைத்து எழுப்பும் மகிழ்ச்சிக் குரல் அது. பத்துப் பேரும் திணறினார்கள். முளைப்பாரிக்குக் குலவை போட்டு வளர்ந்தவள் நான். வாயருகே கையை வைத்து ஒரு குலவை விட்டேன். ஹாலே திரும்பிப் பார்த்தது. இரண்டும் ஒன்றில்லை, ஆனால் அக்கா தங்கை என்று ஆசிரியையிடம் சொன்னேன். அன்று மீதி வகுப்பு முழுக்க பண்ணைக்காரம்மாவுக்கு நான் குலவை கற்றுக்கொடுத்தேன். தெருவில் நாயோடு போன ஒருவர் நின்று ஜன்னலைப் பார்த்தார். நாங்கள் நிறுத்தவில்லை.