இரண்டு வயதுக் குழந்தையைத் தூங்க வைக்கும் முன் என்ன விளையாட்டு விளையாடலாம்?

மகனுக்கு இரண்டு வயது, ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் துள்ளுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகளும் போன வருடம் அப்படித்தான்.

நாங்கள் இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். பிள்ளையைத் தனி அறையில் இருட்டில் படுக்க வையுங்கள் என்கிற யோசனை எங்களுக்கு ஒத்துவராது. டிவி, பேச்சு, படுக்கை எல்லாம் ஒரே காம்பராவில்தான். அதனால் ஏழரைக்கே டிவியையும் போனையும் அணைத்தோம். கண்ணில் வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால், தூக்கம் வரவைக்கும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். நாடகம் போகிறதே என்று முதலில் மாமிக்கு வருத்தம். இப்போது அவரே "டிவிய நிப்பாட்டு புள்ள" என்கிறார்.

பிறகு கொழுந்து விளையாட்டு. காலுறை, குல்லா, துணிப் பொம்மை எல்லாவற்றையும் பாயில் பரப்பிவிடுவேன். அவள் ஒவ்வொன்றாகப் "பறித்து" கூடையில் போடுவாள். மாமி கொழுந்து எடுக்கப் போவதைத் தினமும் பார்க்கிற பிள்ளை, சொல்லித்தரவே வேண்டியதில்லை. கூடை நிறைந்ததும் தூக்கி நிறுத்துப் பார்த்து, எத்தனை கிலோ என்று காதோடு சொல்வேன். ஒவ்வொரு தடவையும் என் குரல் தணியும், அவள் கையும் மெதுவாகும்.

படுத்ததும் உள்ளங்கையில் பருப்புக் கடைவோம். நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முழங்கையால் கடைந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி ஆளுக்கொரு பங்கு கொடுப்பது. ஆனால் கடைசியில் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுவோமே, அதை ராத்திரியில் விட்டுவிடுங்கள். அதுவரை அடங்கி வந்த பிள்ளை அந்த ஒரு சிரிப்பில் முழுசாக விழித்துக்கொள்ளும். நான் மணிக்கட்டோடு நிறுத்தி, அப்படியே பாதத்துக்குப் போய் எண்ணெய் தேய்த்துவிடுவேன். இந்தக் குளிரில் கால் சில்லிட்டிருந்தால் தூக்கம் பிடிக்காது. பாதம் சூடேறினால் கண் தானாகச் சொக்கும்.

மழை நாளில் இன்னும் சுலபம். தகரத்தில் விழுகிற சத்தத்தை இருவரும் பேசாமல் கேட்போம்.

இத்தனையும் செய்து தூங்காத இரவுகளும் உண்டு. விசாரித்தால், அன்று மடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) நாலரை வரை தூங்கியிருப்பாள். ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்துத்தான் 11 முதல் 14 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. இப்போது மடுவத்து அக்காவிடம் மூன்று மணிக்கே எழுப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். உங்கள் மகன் பகலில் எத்தனை மணிக்கு எழுகிறான் என்பதையும் ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்.