ஆற்றங்கரையில் கடை வளாகம்

கேள்வி: காவிரிக் கரையோரம் மூன்று மாடிக் கடை வளாகம் கட்டப்போகிறோம். ஐந்தடி தோண்டி ஃபுட்டிங் (தூணுக்கு அடியில் போடும் கான்கிரீட் அடித்தளம்) போட்டால் போதும் என்கிறார் மேஸ்திரி. சரியா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பக்கத்து ஓட்டு வீட்டுக்குப் போதும், உங்களுக்கு அல்ல. டெல்டாவில் களிமண், மணல், மறுபடி களிமண் என்று அடுக்கு மாறிக்கொண்டே இருக்கும். முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். துளையிட்டு, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். (முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது.) மணலில் அந்த எண்ணிக்கை பத்துக்குக் கீழே வந்தால், என்னைக் கேட்டால், தனி ஃபுட்டிங் பேச்சே வேண்டாம், ராஃப்ட் (கட்டடம் முழுவதற்கும் அடியில் ஒரே கான்கிரீட் தளம்) அல்லது பைல் (மண்ணில் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்)தான். அடிப்பக்கம் குமிழ்போல் அகன்ற பைலைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். விரிந்து சுருங்கும் களிமண்ணுக்கு அது அருமை. ஆனால் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தளர்ந்த மணலில் குமிழ் சரிந்துவிடும். அப்புறம், மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே, ஆற்றில் தண்ணீர் வருவதற்குள், குழி வேலையை முடித்துவிடுங்கள்.