டிரேயை மனப்பாடம் செய்யாதீர்கள், ஆபரேஷனைப் படியுங்கள்

ஆர்த்தோ தியேட்டரில், அதாவது எலும்பு அறுவை அரங்கில், கருவி எடுத்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம் ஆகியும், டாக்டர் கையை நீட்டினால் உங்கள் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பொது அறுவை சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது இப்படி இல்லையாம். அங்கேயே மாற்றல் கேட்கலாமா என்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் அம்மா. ஆறு வாரத்தில் ஆர்த்தோ யாருக்கும் பிடிபடுவதில்லை. இந்த ஆலோசனை நாற்காலிக்கு வருமுன் நானும் தியேட்டரில் கை கழுவி ஸ்க்ரப் செய்து நின்றவன்தான்.

குடலிறக்க ஆபரேஷனுக்கு ஒரு கருவி டிரே போதும். முழங்கால் மாற்று என்றால் மேஜை கொள்ளாமல் டிரேக்கள் வந்து இறங்கும். பாதி, உடலுக்குள் வைக்கும் இம்ப்ளான்ட்டைச் செய்யும் கம்பெனி அனுப்புபவை. கம்பெனி மாறினால் கருவியின் வடிவமும் மாறும், பெயரும் மாறும். போதாக்குறைக்கு ரம்பம், டிரில், ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே படம் காட்டும் சி-ஆர்ம், அதன் கதிரைத் தடுக்கத் தோளை அழுத்தும் ஈய ஏப்ரன். இதையெல்லாம் பெயர் பெயராக மனப்பாடம் செய்யத்தான் முயன்றுகொண்டிருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அதை விட்டுவிடுங்கள். கருவியின் பெயர் மறந்தால் கேட்டுக்கொள்ளலாம். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் நிற்பதுதான் கையை நடுங்க வைக்கிறது.

எலும்பு முறிவுக்கு உலோகப் பிளேட் வைக்கும் ஆபரேஷனை எடுத்துக்கொள்வோம். முறிந்த துண்டுகளைச் சேர்த்துப் பிடிப்பார்கள், துளையிடுவார்கள், ஆழம் அளப்பார்கள், மரை வெட்டுவார்கள், திருகாணி போடுவார்கள். ஒவ்வொரு துளைக்கும் இதே வரிசைதான். தானே மரை வெட்டிக்கொள்ளும் திருகாணியானால் ஒரு படி குறையும், அவ்வளவுதான். எலும்பின் கெட்டியான வெளிச்சுவரில் பிடிக்கும் 3.5 மி.மீ. கார்ட்டெக்ஸ் திருகாணிக்கு 2.5 டிரில் பிட். 4.5 திருகாணிக்கு 3.2. இந்த இரண்டு ஜோடியும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாயில் வர வேண்டும். டிரில் சத்தம் நிற்கும்போதே ஆழம் அளக்கும் கோல் உங்கள் கையில் இருந்தால் டாக்டர் கேட்க வேண்டிய தேவையே இல்லை. அவர் அளவைச் சொன்னதும் நீங்களும் ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள்: “முப்பத்தாறு.” திருகாணியைக் கொடுக்குமுன் நீங்களே அளந்து பாருங்கள், பெட்டியில் இடம் மாறிக் கிடக்கும் திருகாணிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதில் ஒரு சிறு விதிவிலக்கு உண்டு. நான் மாட்டிக்கொண்டதும் அதில்தான். இரண்டு துண்டுகளை இறுக்கிச் சேர்க்கும் லேக் திருகாணிக்கு, அருகில் இருக்கும் எலும்புச் சுவரில் 3.5 பிட்டாலேயே துளையிட வேண்டும். அப்போதுதான் திருகாணி அங்கே மரையில் பிடிக்காமல் வழுக்கிப் போய், எதிர்ச்சுவரை இழுத்துச் சேர்க்கும். எதிர்ச்சுவருக்கு மட்டும் 2.5. காரணம் தெரியாமல் ஜோடியை மட்டும் நெட்டுருப் போட்டிருந்த நான், டாக்டர் 3.5 பிட் கேட்டபோது தவறாகக் கேட்கிறார் என்று நினைத்து 2.5-ஐ நீட்டினேன். விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது. அன்று மாலையே ஒரு மூத்த டெக்னீஷியன் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு அது மறக்கவே இல்லை.

மூட்டு மாற்றில் இரண்டு இடங்களில் கவனம் தப்பக் கூடாது. ஒன்று, இம்ப்ளான்ட் பெட்டியைப் பிரிக்கும் நேரம். எந்தப் பக்கம், என்ன அளவு, காலாவதித் தேதி என்ன என்று மூன்றையும் வாய்விட்டுப் படித்து, டாக்டர் ‘சரி’ என்ற பிறகுதான் திறக்க வேண்டும். இன்னொன்று, இம்ப்ளான்ட்டை எலும்போடு பிடிக்க வைக்கும் சிமென்ட். தூளும் திரவமும் சேர்ந்த நொடியை உரக்கச் சொல்லுங்கள், யாராவது கடிகாரத்தைப் பார்க்கட்டும். அறை சூடாக இருந்தால் சிமென்ட் சீக்கிரம் இறுகும். மிச்சத்தில் ஒரு உருண்டையை மேஜையில் வைத்துத் தொட்டுப் பார்ப்பார்கள்; உடலுக்குள் இருப்பது அதைவிடச் சூடான இடம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் பாதி சொல்லி விட்டுவிட்ட விஷயத்துக்கு வருகிறேன். கையுறை எதன்மீதோ பட்டதுபோல் ஒருமுறை தோன்றியது, சொல்லலாமா என்று தயங்கினேன் என்கிறீர்கள். தயங்கவே கூடாது. “தொட்டுவிட்டேன், மாற்றுகிறேன்.” இவ்வளவு சொன்னால் போதும். எலும்பில் உலோகம் தங்கப்போகிறது. அதில் கிருமி ஒட்டினால் மருந்தால் மட்டும் விரட்டுவது கடினம், பல நேரம் மறுபடி திறக்க வேண்டிவரும். இடுப்பு மூட்டு மாற்றை நிலைநிறுத்திய ஜான் சார்ன்லி, 1960-களிலேயே சுத்தமான காற்றுக்கென்று தனி அடைப்பு அமைத்து அதற்குள் ஆபரேஷன் செய்தது இந்தப் பயத்தால்தான். சந்தேகமாகத் தோன்றினாலே பட்டதாகக் கணக்கு. சொன்னதற்காக யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

திட்டுவதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சி-ஆர்ம் படம் சரியாக விழாத எரிச்சலில் டாக்டர் கத்துவது உங்களைப் பார்த்துக் கத்துவதில்லை. அதை அங்கேயே விட்டுவிடுங்கள். “மேஜையைப் பார், அளவைச் சொல்” என்று கத்தினால் அது பாடம், குறித்துக்கொள்ளுங்கள். ஆளைக் குறித்து, குடும்பத்தைக் குறித்துப் பேசினால் தேதி, நேரத்தோடு எழுதிப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். பொறுத்துப் போவதைத் திறமை என்று நினைக்க வேண்டாம்.

ஒரு பாக்கெட் நோட்டு வாங்குங்கள். ஒரு டாக்டருக்கு ஒரு பக்கம்: கையுறை அளவு, வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்க எந்த ரிட்ராக்டர் பிடிக்கும், தோலுக்கு எந்தத் தையல் நூல், எந்தப் படியில் வரிசையை மாற்றுவார். கம்பெனி ஆள் வரும் நாளில் அரை மணி முன்னால் போய், அவரோடு டிரேயை வரிசைப்படி அடுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஆசையாகவே சொல்லித் தருவார்கள். பேட்டரி ஏறியிருக்கிறதா, பிளேடு மாற்றும்போது ரம்பம் லாக்கில் இருக்கிறதா என்று பார்ப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். முடிவில் எண்ணும்போது டிரில் பிட்டின் நுனியையும் பாருங்கள், உடைந்த துண்டு உள்ளே நின்றிருக்கலாம்.

இப்போது தினம் ஒரு ரக ஆபரேஷனுக்கு உங்களை அனுப்புகிறார்கள் போலிருக்கிறது. பொறுப்பாளரிடம் போய், இரண்டு வாரத்துக்குப் பிளேட்டிங் கேஸ் மட்டும் தரச் சொல்லி நீங்களே கேளுங்கள். அது முடிந்ததும், எந்தப் படியில் கை தடுமாறியது என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். மாற்றல் விண்ணப்பத்தை அதுவரை கொடுக்க வேண்டாம்.