மங்கலாக இருந்தாலும் அது கோடுதான்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, என் மகனுக்கு 24 வயது. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். போன திங்கட்கிழமை கம்பெனியில் டிரைவர்கள் எல்லோருக்கும் சிறுநீர் சோதனை நடந்தது. இவனுக்கு மார்பின் இருக்கிறது என்று சொல்லி லாரிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கோடு விழுந்தது, ஆனால் மங்கலாக இருந்தது என்கிறான். முதல் நாள் கல்யாண விருந்தில் கசகசா அரைத்துவிட்ட குருமா சாப்பிட்டான். ஒரு வாரமாக இருமல் மருந்தும் குடிக்கிறான். இளநீர் நிறையக் குடித்துவிட்டு மறுபடி சோதிக்கச் சொல் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன செய்வது?
— ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் ‘கோடு விழுந்தது’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் இந்தச் சோதனைப் பட்டையில் கோடு விழுந்தால் போதைப்பொருள் அகப்படவில்லை என்று அர்த்தம். கர்ப்பச் சோதனைப் பட்டைக்கு நேர்மாறு.

பட்டையில் ஊறி ஏறும் சிறுநீரோடு நிறம் பூசிய எதிர்ப்பொருளும், அதாவது போதைப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதமும், மேலே போகும். கோடு வரவேண்டிய இடத்தில் அந்தப் போதைப்பொருளை முன்பே ஒட்டி வைத்திருப்பார்கள். சிறுநீரில் மார்பின் இல்லையென்றால் எதிர்ப்பொருள் அங்கே போய் ஒட்டிக் கோடு போடும். மார்பின் நிறைய இருந்தால் எதிர்ப்பொருளை வழியிலேயே பிடித்துக்கொள்ளும். பந்தியில் எல்லா இலையிலும் ஆள் உட்கார்ந்துவிட்ட மாதிரி. அப்போது கோடு வராது. பட்டை சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் மேலே உள்ள கட்டுப்பாட்டுக் கோடு தெளிவாக இருந்து, கீழே நூல் மாதிரி மங்கலாக ஒன்று தெரிந்தாலும் ‘இல்லை’ என்றுதான் படிக்க வேண்டும்.

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். பட்டைகள் வந்த புதிதில், நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில், தோட்டத்துக் காவலர் ஒருவரின் மங்கலான கோட்டைப் பார்த்து ‘இருக்கிறது’ என்று எழுதிவிட்டேன். மறு ஆய்வில் ஒன்றுமில்லை என்று வருவதற்குள் அவருக்கு ஆறு நாள் சம்பளம் போய்விட்டது. அவர் மனைவி வந்து சத்தம் போடாமல் நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

சரி, கோடே இல்லை என்று கம்பெனி சொன்னால்? கசகசா என்பது அபின் செடியின் விதை. அந்த விதைக்குள் மார்பின் அதிகம் கிடையாது. மார்பின் உள்ள காயின் பால் விதைமேல் பட்டு ஒட்டிக்கொள்வதால்தான் வருகிறது. பால்மரம் வெட்டிய குடும்பத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கசகசா சாப்பிட்டவர்கள் மாட்டிக்கொள்வதால்தான் அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர் சோதனையின் வரம்பை 1998-ல் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000-க்கு ஏற்றினார்கள். கடையில் விற்கும் பல பட்டைகள் இன்னும் 300-க்கே காட்டும். ஆனால் ஊறவைத்து, அரைத்து, கொதிக்கவைத்தால் மார்பின் நன்றாகக் குறைந்துவிடும். குருமாவைவிட இருமல் மருந்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். அதில் இருமலை அடக்கும் கோடின் என்ற மருந்து இருந்தால், உடம்பே அதில் ஒரு பகுதியை மார்பினாக மாற்றிவிடும். புட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். கிளினிக் ரசீதையும் எடுத்து வையுங்கள்.

இளநீர் யோசனை வேண்டவே வேண்டாம். ஆய்வுக்கூடத்தில், சிறுநீரில் இயல்பாகவே இருக்கும் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவைப் பார்ப்பார்கள். அது குறைந்திருந்தால் நீர்த்துப்போன சிறுநீர் என்று எழுதுவார்கள். ஒளிக்கப் பார்த்தான் என்ற பேர்தான் மிஞ்சும். புதிதாகச் சிறுநீர் கொடுப்பதிலும் பயனில்லை. கோடினும் மார்பினும் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வெளியேறிவிடும். இன்று ‘இல்லை’ என்று வந்தாலும் திங்கட்கிழமைக்கு அது பதிலாகாது.

அதனால் திங்கட்கிழமை எடுத்த அதே சிறுநீர் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி இன்றே எழுத்தில் கேளுங்கள். வாயு நிறப்பிரிகை, நிறை நிறமாலை ஆய்வு (GC-MS) என்று குறிப்பிட்டே எழுதுங்கள். அந்தக் கருவி கோடினையும் மார்பினையும் தனித்தனியாக அளந்து காட்டும். ஹெராயின் எடுத்தவரிடம் மட்டும் வரும் ஆறு-அசிட்டைல் மார்பினையும் தேடலாம். அது சில மணி நேரமே நிற்கும் என்பதால், அது இல்லாதது மட்டும் விடுதலைச் சீட்டு ஆகாது.

அப்புறம், பையனைத் தனியாக உட்காரவைத்து வேறு ஏதாவது எடுத்தானா என்று ஒரு தடவை கேளுங்கள். கத்தாமல் கேளுங்கள். கடிதத்தின் நகலில் கம்பெனி முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்ப வேண்டாம். புட்டி இன்னும் அவன் லாரியில் கிடந்தால், சாவி அவர்களிடம் இருக்கிறதே, அதை எடுத்துத் தரச் சொல்லி அந்தக் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.