தொப்பூர் இறக்கத்தில் பெடல் உள்ளே போகுது என்ற தம்பிக்கு

காவேரிப்பட்டணத்தில் மாங்காய் ஏற்றிச் சேலம் போகையில் தொப்பூர் இறக்கத்தில் கருகல் வாடை வந்து பிரேக் பெடல் பொதுக்கென்று உள்ளே போனது, லைனிங் மாற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது தம்பி. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டீர்களா? புதிதாக பிக்கப் எடுத்த காலத்தில் நானும் செய்ததுதான். நியூட்ரலில் எஞ்சின் பிடிப்பு இல்லாமல் மொத்தப் பாரமும் பிரேக் மேலேயே விழுந்து, சூட்டில் பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவி கட்டிக்கொண்டால் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், பின்னால் ஆரன் அடிப்பவன் அடிக்கட்டும். அப்புறம் லோடு. 20 கிலோ கிரேட் 100 என்றாலே 2 டன், ஆர்சியில் உள்ள மொத்த எடையில் வெறும் வண்டி எடையைக் கழித்துப் பாருங்கள், அவ்வளவுதான் ஏற்றலாம், மண்டிக்காரர் இன்னும் பத்து போடு என்றுதான் சொல்வார். முதலில் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்த்து, பிரேக் ஆயிலை முழுசாக மாற்றுங்கள், அதுவரை லோடு எடுக்க வேண்டாம்.