யூஐடி மாத்தும்போது பிழை 64

எல்டேப் (பயனர் விவரங்களை வச்சிருக்கிற டைரக்டரி) சர்வர்ல யூஐடியை, அதாவது பயனர் பேரை, எல்டேப்மாடிஃபையோட ரீப்ளேஸால மாத்த முடியாது. எல்டேப்மாட்ஆர்டிஎன் கட்டளையைப் போடுங்க. கேரள வழக்கப்படி இனிஷியலைப் பின்னால தள்ளி, கொழிஞ்சாம்பாறை லேப் சர்வர்ல 'எம்செல்வி'யை 'செல்விஎம்' ஆக்கப் போய் பிழை 64 வந்ததாச் சொன்னீங்க. உங்க பதிவுகள்ல டிஎன்னோட (பதிவோட முழு முகவரி) முதல் துண்டே யூஐடியா இருக்கணும். அதை மட்டும் ரீப்ளேஸ் பண்ணினா டிஎன்ல ஒரு பேர், உள்ளே வேற பேர்னு ஆகிடும், சர்வர் விடாது.

கட்டளைக்கு அப்புறம் முதல்ல மைனஸ் ஆர், பிறகு பழைய முழு டிஎன், கடைசியா 'யூஐடி=செல்விஎம்'. புதுசுக்கு முழு டிஎன் கொடுக்காதீங்க. மைனஸ் ஆரை விட்டுட்டா பழைய யூஐடியும் உள்ளேயே தங்கிடும், அந்தப் பொண்ணுக்கு ரெண்டு யூஐடி! எல்டேப்சர்ச்ல பழைய பேரைத் தேடிப் பாருங்க, ஒண்ணும் வரக்கூடாது.

குரூப்ல இருக்கிற மெம்பர் வரிகளை மறந்துடாதீங்க, அதுதான் பின்னாடி உயிரை எடுக்கும். ஓபன்எல்டேப் சர்வர் மென்பொருள்ல ரெஃப்இன்ட் ஓவர்லே (டிஎன் மாறினா அதைக் குறிக்கிற வரிகளையும் திருத்துற துணைப் பகுதி) மெம்பருக்குப் போட்டிருந்தா அது தானா மாறும். இல்லேன்னா பழைய டிஎன்னே நிக்கும். மெம்பர்யூஐடி (குரூப்ல வெறும் யூஐடி மட்டும் இருக்கிற வரி), ஹோம்டைரக்டரி (பயனரோட ஃபோல்டர் பாதை) ரெண்டையும் எப்படியும் கையாலதான் மாத்தணும்.