கேள்வி பதில்: ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள்

(கண்ணை ஏமாற்றும் மியூசியங்களுக்குப் போய்வந்தவர்களும் போகக் கிளம்புகிறவர்களும் இந்த முறை நிறையவே எழுதியிருக்கிறீர்கள். இயற்பியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்பதால் ஆசிரியர் குழு அத்தனை கடிதங்களையும் என் மேசைக்குத் தள்ளிவிட்டது. எனக்கும் கசக்கவில்லை.)

கேள்வி: கண்மாய மியூசியத்துக்குப் போகலாம் என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். "செல்ஃபி எடுக்க ஒரு இடம், அதற்கு டிக்கெட் வேறா?" என்கிறார் என் கணவர். யார் பக்கம் நியாயம்?

பதில்: பாதி நியாயம் அவர் பக்கம். சுறாமீன் வாய், பிளந்து கிடக்கும் தரை, அந்தரத்தில் தொங்கும் பாலம் என்று சுவரிலும் தரையிலும் வரைந்து வைத்திருப்பார்கள். நேரில் பார்த்தால் வெறும் பெயின்ட். போனில் பார்த்தால் சுறா உங்கள் காலைக் கவ்விக்கொண்டிருக்கும். கேமராவுக்கு ஒரே கண் என்பதுதான் காரணம். நம் இரண்டு கண்களும் சுமார் 6 செ.மீ. தள்ளித் தள்ளி இருக்கின்றன. இரண்டுக்கும் கிடைக்கும் காட்சியில் சின்ன வித்தியாசம் உண்டு. மூளை அதை ஒப்பிட்டு, "இது தட்டைச் சுவர்" என்று உடனே கண்டுபிடித்துவிடும். கேமராவுக்கு அந்த வசதி இல்லை.

தரையில் பாதம் வரைந்து "இங்கே நின்று படம் எடுக்கவும்" என்று எழுதியிருப்பதும் அலங்காரத்துக்கு இல்லை. ஓவியர் கணக்குப் போட்ட புள்ளி அது. இரண்டடி விலகினால் சுறாவின் தாடை கோணிக்கொள்ளும். இந்த வித்தை செல்போனைவிட ரொம்பப் பழசு. ஹான்ஸ் ஹோல்பைன் 1533-இல் வரைந்த ஓவியம் ஒன்று லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. இரண்டு கனவான்கள் நிற்க, அவர்கள் காலடியில் ஏதோ இழுத்துவிட்ட கறை. ஓவியத்தின் ஓரத்துக்குப் போய்ச் சாய்வாகப் பார்த்தால் அந்தக் கறை மண்டையோடாக நிமிர்கிறது.

ஆகவே, போனை எடுப்பதற்கு முன் பாதத்தின் மேல் நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். போனுக்குத் தெரிவது உங்களுக்கும் தெரிய ஆரம்பிக்கும். மீதிப் பாதி அறைகளில் போனுக்கு ஒன்றுமே சிக்காது. கணவரை அங்கே கூட்டிப் போங்கள்.

கேள்வி: ஒரு அறையில் என் தம்பி ஒரு மூலையில் ராட்சதன் மாதிரி நின்றான், நான் எதிர் மூலையில் குள்ளமாகிவிட்டேன். இடம் மாறினோம், அளவும் மாறியது. கண்ணாடி வைத்திருக்கிறார்களா, லென்ஸா?

பதில்: இரண்டும் இல்லை. முழுக்கத் தச்சு வேலை. அதற்கு ஏம்ஸ் அறை என்று பெயர். வக்கீலாக ஆரம்பித்து, ஓவியராகி, கடைசியில் கண் ஆராய்ச்சிக்கு வந்துசேர்ந்த அடெல்பெர்ட் ஏம்ஸ் (1880–1955) என்ற அமெரிக்கர் உருவாக்கியது. எனக்குப் பிடித்த அறை எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நீங்கள் சதுரம் என்று நினைத்த அந்த அறையில் சதுரமே கிடையாது. பின்சுவர் சாய்வாக ஓடுகிறது. ஒரு மூலை உங்களுக்குப் பக்கத்தில், மறு மூலை ஏறக்குறைய இரண்டு பங்கு தூரத்தில். தூர மூலைப் பக்கம் தரை கீழே இறங்குகிறது, கூரை மேலே ஏறுகிறது. தரைக் கட்டங்களும் ஜன்னல்களும் கோணலாகவே செய்யப்பட்டவை. எல்லாக் கோணலும் ஒரே ஒரு இடத்திலிருந்து, அதாவது நீங்கள் எட்டிப் பார்த்த அந்த ஓட்டையிலிருந்து, நேராகத் தெரியும்படி அளந்திருக்கிறார்கள். ஓட்டை ஏன் ஒரு கண் அளவுக்கு மட்டும் இருந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

மாணவர்களை அழைத்துப் போனபோது நான் செய்யச் சொல்வது இது. உள்ளே போய் ஒரு ரப்பர் பந்தைக் கிட்ட மூலையில் வைக்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தரை சமமாகவே தெரியும். ஆனால் பந்து தானாக உருள ஆரம்பிக்கும், உருள உருளச் சிறுத்துக்கொண்டே போகும். உள்ளே நிற்கிறவனுக்கோ கணுக்காலிலேயே சரிவு தெரிந்துவிடும், "சார், இது பள்ளம் சார்!" என்று கத்துவான். வெளியே இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். கடைசி பெஞ்சில் உட்காரும் நெட்டையன் தூர மூலைக்குப் போய்க் குள்ளமானதும் வகுப்பே கொண்டாடிய கூச்சல் தனிக்கதை.

இதில் வேடிக்கை என்னவென்றால், தம்பியை உங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அவன் உயரம் தெரியும். இருந்தும் "அறை கோணல்" என்று ஒப்புக்கொள்வதைவிட "தம்பி வளர்ந்துவிட்டான்" என்று சொல்வது மூளைக்குச் சுலபமாக இருக்கிறது.

கேள்வி: சுழலும் குகை ஒன்றில் பாலத்தின் மேல் நடந்தபோது 68 வயதான என் அப்பாவுக்குத் தலை சுற்றி, கீழே விழப் போனார். பாலம் ஆடுகிறது என்று இன்னும் சாதிக்கிறார். உடம்பில் ஏதாவது கோளாறா?

பதில்: பாலம் ஒரு இம்மி கூட அசைவதில்லை. அதைச் சுற்றியுள்ள உருளை மட்டும்தான் சுழல்கிறது. ஸ்டேஷனில் பக்கத்து ரயில் புறப்படும்போது நம் ரயில் நகர்வதாகத் தோன்றுமே, அதே சங்கதிதான். கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் ஒன்றாகச் சுழன்றால், நாம்தான் சாய்கிறோம் என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. உட்காதில் உள்ள சமநிலை உறுப்போ "நான் அசையவில்லை" என்கிறது. இந்தச் சண்டையில்தான் தலை சுற்றுகிறது, உடம்பு எதிர்ப்பக்கம் சாய்கிறது. அப்பாவுக்கு மட்டுமல்ல, வாலிபர்களும் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் போவார்கள். யாராவது படம் எடுத்திருந்தால் பாருங்கள்: அசையாத பாலத்தில் ஒரு மனிதர் காரணமே இல்லாமல் கம்பியில் தொங்குவது மாதிரி இருக்கும்.

உள்ளே மாட்டிக்கொண்டால் வழி ஒன்றுதான்: கம்பியைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு நடங்கள். ஆட்டம் பெரும்பாலும் அந்த நொடியே அடங்கும். ஏற்கெனவே கிறுகிறுப்புத் தொல்லை உள்ளவர்கள் அந்த அறையைத் தாண்டிப் போய்விடலாம், மானக்கேடு ஒன்றுமில்லை. விளக்கு வெட்டி வெட்டி எரியும் அறைகளுக்கு வலிப்பு நோய் உள்ளவர்கள் போகவே வேண்டாம். வீட்டில் சும்மா இருக்கும்போதும் அப்பாவுக்குத் தலை சுற்றினால் அது வேறு விஷயம், டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அம்புக்குறி போட்ட இரண்டு கோடுகளை ஸ்கேல் வைத்து அளந்தே பார்த்துவிட்டேன். இரண்டும் சமம். அப்புறமும் ஒன்று நீளமாகத்தான் தெரிகிறது. தெரிந்த பிறகும் ஏன் ஏமாற வேண்டும்?

பதில்: 1889-இல் ஜெர்மானியரான முல்லர்-லையர் வெளியிட்ட கோடுகள் அவை. நூறு வருடம் தாண்டியும் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து வரவில்லை, அதனால் நான் வேறு படத்தைக் காட்டிச் சொல்கிறேன். சதுரங்கக் கட்டம், அதன் மேல் ஒரு உருளையின் நிழல். வெளிச்சத்தில் உள்ள ஒரு "கறுப்பு"க் கட்டமும் நிழலுக்குள் உள்ள ஒரு "வெள்ளை"க் கட்டமும் அச்சில் ஒரே சாம்பல் நிறம். 1995-இல் எட்வர்ட் ஏடெல்சன் உருவாக்கிய படம் இது. ஓட்டை போட்ட அட்டையை மேலே வைத்தால் இரண்டும் ஒன்று. அட்டையை எடுத்தால் மறுபடி கறுப்பு, வெள்ளை.

மூளை அங்கே தவறு செய்யவில்லை. நிழலில் கிடக்கும் வெள்ளைத்தாள் வெயிலில் கிடக்கும் கறுப்புத் துணியைவிடக் குறைவான வெளிச்சத்தைக் கண்ணுக்கு அனுப்பலாம். ஆனாலும் தாள் வெள்ளை என்றுதானே சொல்கிறோம்? நிழலைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தைச் சொல்வது அதன் அன்றாட வேலை. உங்களைக் கேட்டுக்கொண்டு அது அந்த வேலையைச் செய்வதில்லை. அதனால் ஸ்கேல் சொன்ன சேதி அங்கே போய்ச் சேர்வதும் இல்லை.

கேள்வி: இத்தனை வருடம் பாடம் நடத்திய உங்கள் கண்ணும் ஏமாறுகிறதா?

பதில்: ஏமாறுகிறது. என்றைக்கு ஏமாறாமல் போகிறதோ அன்றைக்குத்தான் கவலைப்படுவேன்.

கேள்வி: சிவப்புப் படத்தை முறைத்துப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தபோது பச்சையாகத் தெரிந்தது. கண்ணுக்குக் கெடுதலா? என் மகளுக்குத் தெரியவே இல்லையே?

பதில்: கெடுதல் இல்லை. சிவப்பை உணரும் செல்கள் சற்றே களைத்து, மற்றவை முந்திக்கொள்கின்றன; கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். மகள் கண்ணை அலையவிட்டிருப்பாள். நடுவில் உள்ள புள்ளியையே அரை நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சிறுவயதிலிருந்தே எனக்கு வலது கண்ணில் பார்வை இல்லை. நண்பர்கள் இந்த மாதிரி மியூசியத்துக்குக் கூப்பிடுகிறார்கள். எனக்கு அங்கே என்ன இருக்கும்?

பதில்: தாராளமாகப் போங்கள். இரண்டு வண்ணக் கண்ணாடி மாட்டிப் பார்க்கும் படங்களும், புள்ளிக் குவியலுக்குள் உருவம் ஒளிந்திருக்கும் படங்களும் உங்களுக்கு வேலை செய்யாது. அவற்றை விட்டுவிடலாம். மற்றதெல்லாம் உண்டு. சுழலும் குகையும் உங்களை விட்டுவைக்காது, கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சிலவற்றில் நண்பர்களைவிட உங்களுக்கு வசதி அதிகம். சுவர் ஓவியத்துக்கு அவர்கள் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்பார்கள், உங்களுக்கு அந்தப் பாடு இல்லை. குழிவான முகமூடி ஒன்று இருக்கும், தேடிப் பிடியுங்கள். உட்பக்கம் குழிந்த முகம், ஆனால் வெளியே புடைத்த முகமாகத் தெரியும். நீங்கள் நகர்ந்தால் உங்கள் கூடவே திரும்பும். இரண்டு கண் உள்ளவர்கள் தள்ளி நின்றால்தான் அது நடக்கும், கிட்டே வந்தால் குழி என்று தெரிந்துபோகும். உங்களுக்கு இன்னும் கிட்டே வரை முகம் புடைத்தே நிற்க வேண்டும். நண்பரையும் பக்கத்தில் நிறுத்தி இருவரும் ஒன்றாக முன்னால் நடந்து பாருங்கள். அவருக்கு எந்த இடத்தில் குழியானது, உங்களுக்கு எது வரை தாங்கியது என்று எனக்கு எழுதுங்கள். அடிக்கணக்கில் அளந்து எழுதினால் இன்னும் நல்லது.